மேலே கொளுவிய காதுகள்

நேர்ஸ் அக்கா வேலை தொடங்கப் போகிறார் என்பது ஆசுபத்திரி அறைக்கு வெளியே நீள வாங்குப் பலகையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். முதலில் தன் இடது காதுச் சோணையைத் தூக்கி, அதிலிருந்த பெரிய துளையைக் காதின் மேல் விளிம்பில் கொளுவுவார். பிறகு வலது சோணை. தோளில் முட்டி ஆடிக்கொண்டிருந்த இரண்டும் மேலே ஏறியதும் அவருடைய முகம் ஒரு சுற்றுச் சிறுத்துப்போகும். சட்டைக் கையை மடித்துவிடுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் செய்வார். அதற்குப் பிறகுதான் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மிஷன் ஆசுபத்திரியில் அவருடைய பெரிய வேலையே மற்றப் பெண்களின் வளர்த்த காதைக் குறுக்கித் தைப்பதுதான். தன் காதை மட்டும் அவர் குறுக்கவில்லை.

வளர்த்த காது என்றால் இன்றைய பிள்ளைகள் முழிப்பார்கள். பெண்குழந்தைக்குக் காது குத்தி, துளைக்குள் முதலில் பஞ்சு வைப்பார்கள். பிறகு பனையோலைச் சுருள். ஓலை விரிய விரியத் துளையும் விரியும். அதன்பின் ஈயக் குணுக்கைப் போட்டு இழுக்கவிட்டால், பத்துப் பன்னிரண்டு வயதில் சோணை ஒரு வளையமாகித் தோளுக்கு வந்துவிடும். ஒரு காலத்தில் அதுதான் அழகு. எங்கள் காலத்தில் அந்த அழகு கவிழ்ந்துபோயிற்று. கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் சின்னக் காதில் சின்னக் கல்லுத் தோடு போட்ட பெண்களைக் கண்டுவிட்டு வந்து, ஊரிலிருந்த காதுகளைக் குறை சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பெரிய மனிதர்களில் நானும் ஒருவன்.

நேர்ஸ் அக்காவுக்குச் சொந்த ஊர் கொழும்புத்துறை. கடற்றொழில் செய்கிற குடும்பம். கிறிஸ்தவ வேதத்துக்குச் சேருவதற்கு முன்பே தாயார் அவருடைய காதை வளர்த்து முடித்திருந்தார். ஆசுபத்திரியில் வேலைக்குச் சேர்ந்த நாளில், வெள்ளைக்கார டாக்குத்தரம்மா தானே அந்தக் காதைத் தைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, தனக்கு இது பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். அந்தக் காதுகளில் பொன்னோ பித்தளையோ ஒன்றும் போடமாட்டார். வெறும் வளையமாகத் தொங்கும். டாக்குத்தரம்மாவுக்கு வயிறு கிழிப்பதென்றால் எவ்வளவும் பொறுமை உண்டு. காதுக்கு இல்லை. சில வருடங்களில் காது வேலை முழுவதையும் இவரிடமே விட்டுவிட்டார்.

ஊரில் எல்லாரும் அவரை நேர்ஸ் அக்கா என்றார்கள். எனக்கு அவர்மேல் முதலில் வந்தது மதிப்பல்ல. கோபம்.

அப்போது நான் கோலாலம்பூரில் ரெயில்வே கந்தோரில் கிளாக்கர். முதல் லீவில் வந்து கலியாணம் செய்தேன். பெண் சண்டிலிப்பாய், புகையிலைத் தோட்டக்காரரின் மகள். மற்றவர்களெல்லாம் காது வளர்ப்பதைக் கைவிட்ட பிறகும் கைவிடாத ஒரு தாய்க்கு மகளாகப் பிறந்தவள். நானோ பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பினாங்கில் ஒரு சோடி நீலக்கல்லுத் தோடு செய்வித்துக் கொண்டுவந்திருந்தேன். கந்தோரில் நாலு பேருக்குக் காட்டி, மனைவிக்கு என்று பீற்றியும் இருந்தேன். கலியாணத்துக்கு மறுநாள் மாமியார் அதை எடுத்து மகளின் காதில் வைத்துப் பார்த்தார். தோடு ஒரு பக்கத்தால் புகுந்து மற்றப் பக்கத்தால் விழுந்து, உருண்டு பெட்டகத்துக்குக் கீழே போய்விட்டது. மாமியார் நிலத்தில் படுத்துக் கையை விட்டுத் தேட வேண்டியிருந்தது. நான் சிரிக்கவில்லை. காதைத் தைக்க வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டேன். தைத்தால்தான் கப்பலுக்கு இரண்டு ரிக்கெற் எடுப்பேன் என்றும் சொன்னேன். இதைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான், மாமியார், என் தமையனார், நடுவில் அவள். இப்படி ஒரு ஊர்வலமாகத்தான் ஆசுபத்திரிக்குப் போனோம். நேர்ஸ் அக்கா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் பின்னாலே போனேன். கதவடியில் கையை நீட்டி மறித்தார்.

"நான் இவவின்ரை புருசன்" என்றேன்.

"அறிஞ்சன் தம்பி. வாங்கு வெளியிலை கிடக்கு."

கதவைச் சாத்திவிட்டார். உள்ளே நடந்ததை என் மனைவி பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாள். முதலில் இரண்டு சோணைகளையும் விரலால் தூக்கிப் பார்த்து, அம்மா நன்றாக வளர்த்திருக்கிறா என்றாராம். எங்காவது மெலிந்திருக்கிறதா, பிய்ந்திருக்கிறதா என்று பார்த்தாராம். விறைக்க ஊசி போடுவது, வளையத்தை வெட்டி விளிம்பைச் சீவுவது, அவித்த குதிரை மயிரால் தைப்பது, எட்டாம் நாள் தையல் பிரிப்பது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாராம். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு கத்தரிக்கோலைக் கழுவத் தொடங்கினாராம்.

"காது உன்ரை. உனக்கு என்ன வேணும்?"

அவ்வளவுதான் கேள்வி. அந்தக் கலியாணத்தில் அதுவரை யாரும் அவளிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. என்னைப் பிடித்திருக்கிறதா என்றுகூட. அவள் வாய் திறக்க நேரம் எடுத்தது. நேர்ஸ் அக்கா திரும்பிப் பார்க்கவேயில்லை. முகத்தைப் பார்த்தால் பெண்கள் பார்க்கிறவருக்குப் பிடித்த மறுமொழியைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. ஒரே கத்தரிக்கோலை மூன்று தரம் கழுவினாராம்.

கதவு திறந்தபோது நான் கண்ட முதல் காட்சி அவருடைய சோணைகள். இரண்டும் தொங்கியபடியே இருந்தன. மேலே ஏறவில்லை.

"அவ வேண்டாம் எண்டு சொல்லுறா. கூட்டிக்கொண்டு போம்."

அப்படியென்றால் இவளை மலாயாவுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றேன். மாமியார் அழத் தொடங்கிவிட்டார். தமையனார் தொண்டையைச் செருமினார். நேர்ஸ் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட்டிக்கொண்டு போறதும் விட்டிட்டுப் போறதும் உம்மடை விருப்பம். அது உம்மடை கால். இது அவவின்ரை காது."

டாக்குத்தரம்மாவிடம் முறைப்பாடு சொல்லப் போனேன். வெள்ளைக்காரியாவது என் பக்கம் நிற்பாள் என்ற நம்பிக்கை. அவர் தன்னுடைய தமிழில், காது விசயத்தில் நேர்ஸ் சொன்னால் சொன்னதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னைப்போல வெளியே அனுப்பப்பட்டவர்கள் ஊரில் எத்தனையோ பேர் என்று பின்னால் தெரியவந்தது. கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிறக்கிராசியார், கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக மகளைக் கொண்டுவந்தவர், அவரும் அதே வாங்கில் இருந்தார். பெண் பயமாக இருக்கிறது என்று உள்ளே சொல்லிவிட்டது. பயம் போன பிறகு அவளே வரட்டும் என்று நேர்ஸ் அக்கா சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் இரண்டு வருடம் கழித்துத் தானாக வந்து தைப்பித்துக்கொண்டு போனது. இன்னொருத்தி, தைக்கிற மயிர் மாட்டு மயிர் இல்லைத்தானே என்று கேட்டு, குதிரை என்று அறிந்த பிறகுதான் தலையைச் சாய்த்தாளாம். அந்தச் சைவக்காரியின் கேள்விக்கும் நேர்ஸ் அக்கா சிரிக்காமல் மறுமொழி சொல்லி, மயிர்க்கட்டையே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை ஒரு கைம்பெண்ணால் வந்தது. வயது அறுபதுக்குக் கிட்ட. புருசன் செத்ததும் தோட்டைக் கழற்றிவிட்டார்கள். வெறும் வளையம் கழுத்தில் வந்து வந்து முட்டுவது அவருக்குச் சகிக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் தனியே வந்து, தைத்துவிடு என்றார். நேர்ஸ் அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டார், சோணைகளை மேலே கொளுவினார், தைத்தார். மறுநாள் மூன்று ஆண்மக்கள் ஆசுபத்திரி வாசலுக்கு வந்துவிட்டார்கள். இந்த வயதில், இந்த நிலையில், அம்மாவுக்கு என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது என்று கத்தினார்கள். நேர்ஸ் அக்கா வெளியே வந்து, உங்களில் யாருடைய காதை நான் வெட்டினேன் என்று கேட்டார். தையல் எட்டாம் நாள் பிரிக்க வேண்டும், அம்மாவை வெயிலில் நடக்கவிடாமல் வண்டியில் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொண்டுவந்தார்கள்.

நேர்ஸ் அக்காவும் வெறும் வளையத்தோடுதான் திரிந்தவர். அந்த அம்மாவுக்கு அது சுமை, இவருக்கு அது பிடித்தம். இரண்டும் சரி என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. எனக்குத்தான் அது விளங்க வருடக்கணக்கானது.

நான் சொன்னபடியே செய்தேன். ஒரேயொரு ரிக்கெற் எடுத்துக்கொண்டு தனியே கப்பலேறினேன். பதினாலு மாதம் தனியே சமைத்துச் சாப்பிட்டேன். கந்தோரில் மனைவி எங்கே என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு பொய் சொன்னேன். பொய் முடிந்தது. வீம்பும் முடிந்தது. வந்துவிடு, உன் காதோடு வா என்று கடிதம் எழுதினேன். அவளுடைய சிற்றப்பா குடும்பம் மலாயாவுக்குத் திரும்பியபோது அவர்களோடு வந்தாள். பினாங்குத் துறையில் சனத்துக்குள் அவளைத் தேடினேன். முதலில் கண்ணில் பட்டது அந்தக் காதுகள்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. யாருக்காக நான் வெட்கப்பட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பத்து வருடத்துக்கு மேல் அந்தக் காதுகளோடு குடும்பம் நடத்தினேன். சிரித்தால் அவை தனியே ஒரு ஆட்டம் ஆடும். கோபம் வந்து தலையைத் திருப்பினால் அவள் திரும்பி முடிந்த பிறகும் அவை திரும்பிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் மூன்றும் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொண்டன. வேறு பெண்களின் சின்னக் காதைக் கண்டால், எதையோ போட மறந்து வந்தவர்கள் போல எனக்குத் தோன்றும்.

அப்படியிருக்க, சப்பான்காரனோடு நடந்த சண்டைக்கு முந்தி எனக்குக் கிடைத்த கடைசி லீவில், ஊருக்கு வந்து இறங்கிய அடுத்த கிழமையே அவள் சொன்னாள், காதைத் தைக்கப் போகிறேன் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் என்ன சொன்னது என்று கேட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அந்த நீலக்கல்லுத் தோட்டைப் போட ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். நான் கெஞ்சினேன், வாதாடினேன், இரண்டு நாள் கதையாமல் இருந்தேன். மூன்றாம் நாள் வண்டி பிடித்துக்கொண்டு வந்தேன். பிடிக்காவிட்டால் நடந்தே போயிருப்பாள்.

நேர்ஸ் அக்காவுக்கு மயிர் நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இந்த முறை நான் கதவுக்குள் போக முயலவில்லை. வாசலிலேயே நின்று என் வழக்கைச் சொன்னேன். அன்று வேண்டும் என்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். இன்று வேண்டாம் என்பதும் நான்தான். எனக்கு இந்தக் காதுதான் பிடித்திருக்கிறது, வெட்ட வேண்டாம் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"தம்பி, நான் அண்டைக்கு உம்மட்டைக் கேட்டனானோ?"

இல்லை என்றேன்.

"இண்டைக்கும் கேக்கேல்லை."

வாங்கு அதே வாங்குதான். ஒரு காலுக்குக் கீழே கல் வைத்திருந்தார்கள். கதவு சாத்துவதற்கு முன், அவர் இடது சோணையைத் தூக்கிக் கொளுவுவதைக் கண்டேன். பிறகு வலது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தைத்த காது ஆற வேண்டும். ஆறி, இறுகி, மறுபடியும் துளை போட மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றார். ஐந்தாம் கிழமையில் ஒரு நல்ல நாள் வருகிறது, அன்றே காதைக் குத்திவிடவேண்டும் என்று மாமியார் சாத்திரியாரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அந்த அவசரத்தில் காதைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஊரில் உண்டு. தட்டாரைக் கூப்பிட்டுக் குத்த, தையல் வாய் திறந்து, திரும்பவும் ஆசுபத்திரிக்கு ஓடுவார்கள். நேர்ஸ் அக்கா சண்டிலிப்பாய்க்கே வண்டியில் வந்து, மூன்று மாதத்துக்குப் பிறகு நல்ல நாளே இல்லையா என்று மாமியாரிடம் கேட்டார். இருந்தது. அடுத்த பிரச்சினை, காது குத்தும்போது தாய்மாமன் மடியில் இருத்த வேண்டும் என்பது. பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள். தாய்மாமனுக்கு எழுபது, முழங்கால் வாதம். எல்லாரும் நேர்ஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மாமா சந்தோசப்படுவார், இருக்கிறேன் என்றாள் அவள். கிழவர் பாயில் காலை நீட்டியிருக்க, அவருடைய மடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அது மடியில் இருந்ததாகவே கணக்கு வைக்கப்பட்டது. நீலக்கல் அன்று விழவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதை நான் வாயால் சொல்ல ஒரு கிழமை சென்றது.

சண்டை மூண்டதால் அதற்குப் பிறகு நான் மலாயாவுக்குத் திரும்பவில்லை. பென்சன் எடுத்துக்கொண்டு கொக்குவிலில் வீடு கட்டி இருந்துவிட்டோம். என் மனைவியும் நேர்ஸ் அக்காவும் நல்ல சிநேகிதம். அவர் வந்தால் இரண்டு பேரும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். நான் போனால் கதை நிற்கும். எனக்கு அது பழகிவிட்டது.

அவர் வேலையை விட்டுக் கொழும்புத்துறையில் தம்பியார் வீட்டோடு போய் இருந்த காலம். ஒரு காலை தம்பியாரின் மகள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். முற்றத்தில் காயப்போட்டிருந்த வலைக்குக் கீழே குனிந்து எதையோ எடுத்தவர், நிமிர்ந்தபோது வலது சோணை வலைக் கண்ணில் மாட்டி அறுந்துவிட்டதாம். நாங்கள் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவருடைய பழைய அறையிலேயே அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். காதை அழுத்திய துணி முழுவதும் இரத்தம். முகம் வெளிறி, பக்கத்தில் நிற்பவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

வெள்ளைக்கார டாக்குத்தரம்மா தன் நாட்டுக்குத் திரும்பிப் பல வருடம். புதிதாக வந்தவர் இளைஞர், கெட்டிக்காரர், நல்ல மனிசன். அறுந்த காதை எப்படியும் குறுக்கித்தான் தைக்க வேண்டும், அதோடு மற்றதையும் வெட்டி அளவாகத் தைத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி வடிவாக இருக்கும் என்று தம்பியாருக்கு விளங்கப்படுத்தினார். தம்பியார் தலையாட்டினார். இந்த வயதில் இனி ஏன் உந்தத் தொங்கல், இரண்டையும் வெட்டிவிடுங்கோ டாக்குத்தர் என்றார். எல்லாம் அன்பால் சொன்னதுதான். ஊசி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடம் தோளில் ஆடிய காது இன்னும் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்பது எனக்கு விளங்கியது. வாய் திறக்கவேண்டும் என்று நினைத்தேன்.

என் மனைவி முன்னுக்குப் போனாள்.

"எல்லாரும் ஒருக்கால் வெளியிலை போங்கோ."

டாக்குத்தர் திகைத்தார். தம்பியார் நான் இவவின்ரை சகோதரம் என்று தொடங்கினார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வாங்கில் இருத்தி, நானும் பக்கத்தில் இருந்தேன். டாக்குத்தருக்கு இடம் விட்டேன். அவர் இருக்கவில்லை. கதவு சாத்தப்பட்டது.

"உள்ளுக்கை என்ன அண்ணை நடக்குது?" என்று தம்பியார் கேட்டார்.

"அவவைக் கேக்கினம்" என்றேன்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என் மனைவி முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ கழுவுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நெடுநேரம் கழுவினாள். பிறகு கதவைத் திறந்து, டாக்குத்தரைப் பார்த்துச் சொன்னாள்.

"அறுந்ததைத் தைக்கட்டாம். மற்றதிலை கை வைக்க வேண்டாமாம்."

அப்படியென்றால் ஒன்று நீளமும் மற்றது கட்டையுமாக அல்லவா இருக்கும் என்றார் டாக்குத்தர். அது அவவுக்குத் தெரியும் என்றாள் என் மனைவி. டாக்குத்தர் கை கழுவப் போனார்.

திறந்த கதவால் நான் உள்ளே பார்த்தேன். நேர்ஸ் அக்கா தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி, டாக்குத்தரின் கைக்கு இடைஞ்சலாக இராதபடி, தன் இடது சோணையைத் தூக்கிக் காதின் மேல் கொளுவிக்கொண்டிருந்தார்.